அரக்குச் சிவப்பில் தொடங்குங்கள்: ஒப்பனை கேள்வி பதில்

மதுரையில் மணப்பெண்களுக்கும் நாட்டியக் குழுக்களுக்கும் ஒப்பனை செய்துவருகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஆசையைத்தான் சுற்றிவருகின்றன. மை, பொட்டு, பவுடரைத் தாண்டி, கொஞ்சம் அடர்த்தியான மேக்கப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. தனித்தனியாகவே பதில் சொல்கிறேன்.

எனக்கு 44 வயது. பள்ளி ஆசிரியை. பவுடர், கண்ணுக்கு மை, பொட்டு, இவ்வளவுதான் இதுவரை என் மேக்கப். தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். சிவப்பு லிப்ஸ்டிக் போட ஆசை. மாநிறத்தைவிடச் சற்றே கறுப்பு நான். "முதலில் நியூட் ஷேடில் பழகுங்கள், பிறகு சிவப்புக்குப் போகலாம்" என்கிறார் கடைக்காரர். "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு" என்று அண்ணி சொல்லிவிடுவாரோ என்றும் தயக்கமாக இருக்கிறது.
– எஸ். ஆர்., விருதுநகர்

டீச்சர், கடைக்காரர் சொன்ன வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். நம் நிறத்துக்கு நியூட்தான் கடினம். அது உதட்டின் இயல்பான நிறத்தை ஒட்டி வர வேண்டும். ஆனால் அந்தப் பெயரில் கடையில் கிடைப்பவற்றில் பல, வெளுத்த சருமத்தை மனதில் வைத்துக் கலக்கப்பட்டவை. வெள்ளை நிறமி அவற்றில் தூக்கலாக இருக்கும். நம் உதட்டில் பட்டதும் சாம்பல் பூத்துவிடும், முகமே வாடித் தெரியும். "எனக்கு லிப்ஸ்டிக்கே ஒத்துவராது" என்று பலர் முடிவுகட்டிவிடுவது இந்த ஷேடைப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான். அடர்ந்த சிவப்புக்கு அந்தத் தொல்லை கிடையாது. உதட்டின் ஓரங்களில் கறுமை இருந்தாலும் அது மூடிவிடும்.

ஷேடு தேர்ந்தெடுக்கப் பயப்படாதீர்கள். பட்டுப் புடவைக் கடையில் அரக்கு எது, மாந்தளிர் எது, மிளகாய்ப்பழச் சிவப்பு எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறீர்கள் அல்லவா? அதே கண்தான் இங்கேயும் வேண்டும். சிவப்பில் இரண்டு குடும்பம் உண்டு. நீலச் சாயல் கலந்தது ஒன்று, ஆரஞ்சுச் சாயல் கலந்தது மற்றொன்று. நீலம் கலந்த சிவப்பு பல்லை வெண்மையாகக் காட்டும். ஆரஞ்சு கலந்தது பல்லில் இருக்கும் மஞ்சளை எடுத்துக் காட்டும். காபி அதிகம் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் நிறத்துக்கு அரக்கு, செங்கல் சிவப்பு, நாவற்பழ நிறம் மூன்றும் எடுப்பாக இருக்கும். முதல் லிப்ஸ்டிக் அரக்காக இருக்கட்டும். மயில் நீலப் பட்டு, பச்சைப் பட்டு, மாம்பழ மஞ்சள் பட்டு எதைக் கட்டினாலும் ஒத்துப்போகும். புடவையும் உதடும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பது அவசியமே இல்லை. சொல்லப்போனால், ஒரே நிறத்தில் இருந்தால் இரண்டுமே எடுபடாமல் போகும்.

கடையில் சாம்பிளை உதட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். எத்தனை பேர் உதட்டில் பட்டதோ, யாருக்குத் தெரியும்? கையின் மேற்புறமும் சரியான இடமல்ல, உதட்டின் நிறத்துக்கும் அதற்கும் வெகுதூரம். விரல் நுனியின் உட்பக்கத்தில் தடவிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே எரியும் மஞ்சள் விளக்கில் எல்லாச் சிவப்பும் அழகாகத்தான் தெரியும். குச்சி வடிவில், லேசான பளபளப்பு உள்ளதாக வாங்குங்கள். திரவமாக வந்து காய்ந்து ஒட்டிக்கொள்ளும் மேட் வகை இப்போது வேண்டாம். அது உதட்டின் வெடிப்புகளைக் காட்டிக்கொடுக்கும், தவறினால் திருத்தவும் விடாது.

இனி போடும் முறை. பத்து நிமிடம் முன்பே லிப் பாம் தடவி, பிறகு துடைத்துவிடுங்கள். அதே நிறத்து லிப் லைனரால் (உதட்டின் ஓரம் வரையும் பென்சில்) மேலுதட்டின் நடுப்பள்ளத்தில் சிறிய பெருக்கல் குறி ஒன்று போடுங்கள். அதன் மேல்முனைகள் இரண்டும் உதட்டின் இரு மேடுகளில் வந்து உட்காரும். கீழுதட்டின் நடுவில் ஒரு சிறு கோடு. பிறகு வாயின் இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி வரைந்து வந்து அவற்றோடு சேர்த்துவிடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனால் கை நடுங்கி கோடு வெளியே ஓடும். இப்போது லிப்ஸ்டிக்கை நேரடியாக இழுக்காமல் விரலில் எடுத்து ஒற்றுங்கள். டிஷ்யூவை உதட்டிடையே வைத்து ஒருமுறை அழுத்தி எடுத்துவிட்டு, குச்சியால் இரண்டாவது பூச்சு. பிறகு டிஷ்யூவின் ஒற்றைத் தாளை உதட்டின்மேல் விரித்து, அதன் மேலாகத் துளி பவுடரைத் தட்டுங்கள். கடைசியாக ஆள்காட்டி விரலை வாயில் வைத்து, உதட்டைக் குவித்து வெளியே இழுத்தால், பல்லில் ஒட்டப்போகும் சாயம் விரலோடு வந்துவிடும்.

கண்ணுக்கு வழக்கமான மை போதும். உதட்டில் அடர்த்தி வந்துவிட்டதால் மற்ற இடங்களில் கை வைக்காதீர்கள். விரலில் மிச்சமிருக்கும் சாயத்தைக் கன்னத்தின் மேட்டில் ஒற்றித் தேய்த்துவிட்டால் ரூஜ் வேலையும் முடிந்தது.

இதைக் கல்யாணத்தன்று முதல்முறையாகச் செய்யாதீர்கள். வேலையில்லாத ஒரு மாலையில் போட்டுக்கொண்டு வீட்டில் நடமாடுங்கள், அதோடு தோசையும் சாப்பிடுங்கள். லிப்ஸ்டிக்கில் இருப்பது மெழுகும் எண்ணெயும்தான். நெய்யும் எண்ணெயும் பட்டால் கரையும். உங்கள் உதட்டில் எந்த இடம் முதலில் அழிகிறது என்று தெரிந்துகொண்டால், பந்தியிலிருந்து எழுந்ததும் அந்த இடத்தை மட்டும் தொட்டுக்கொள்ளலாம்.

அண்ணி விஷயம். அவருக்கு நீங்கள் நாத்தனார், மணப்பெண்ணுக்கு அத்தை. பயப்பட வேண்டிய இடத்தில் இருப்பவர் அவர்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் நிறம் நல்ல கறுப்பு. வீடியோவில் பார்த்து நீலம், பச்சை, பிங்க் எல்லாம் உள்ள ஐ ஷேடோ தட்டு ஒன்றை வாங்கினேன். அவர்கள் போட்டால் ஜொலிக்கிறது. நான் போட்டால் சுண்ணாம்பு தடவியதுபோல் இருக்கிறது. கறுப்பாக இருப்பவர்கள் இதையெல்லாம் போடக்கூடாது என்கிறாள் அறைத்தோழி.
– ஜெ. எம்., திருநெல்வேலி

அறைத்தோழி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் நிறத்தில் குற்றமில்லை. குற்றம் தட்டில் இருக்கிறது. மலிவான ஐ ஷேடோவில் நிறமி குறைவு, டால்க் போன்ற நிரப்புப் பொருட்கள் அதிகம். வெளிர் பிங்க், வெளிர் நீலம் போன்ற நிறங்களை உண்டாக்கவே டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளையைக் கலப்பார்கள். வெளுத்த தோலில் அந்த வெள்ளை மறைந்துவிடும். நம் தோலில் அதுதான் முதலில் தெரியும். வெகுகாலம் உலகத்துப் பெரிய நிறுவனங்களில் பல, கறுத்த முகத்தைச் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பாடகி ரிஹானா 2017-இல் ஃபென்டி பியூட்டி என்ற ஒப்பனை நிறுவனத்தைத் தொடங்கியபோது முதல் நாளிலேயே 40 ஷேடுகளில் ஃபவுண்டேஷனை, அதாவது முகம் முழுதும் பூசும் தோல்நிறப் பூச்சை, கொண்டுவந்தார். அதற்குப் பிறகு மற்றவர்கள் பலரும் அவசர அவசரமாக அடர் ஷேடுகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

தட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் மினுமினுப்பு உள்ள அடர் நிறங்களை மட்டும் தேடுங்கள்: செம்பு, மயில் நீலம், மரகதப் பச்சை, கத்திரிப்பூ. முதலில் செம்பு. வேறு எந்த நிறமும் தொடாதீர்கள்.

முகத்துக்கு ஃபவுண்டேஷன் போடுவதற்கு முன்பே கண்ணை முடித்துவிட வேண்டும். உதிரும் தூள் கன்னத்தில் விழுந்தால் அப்போதுதான் சுலபமாகத் துடைக்க முடியும். இமைமேல் உங்கள் நிறத்திலேயே உள்ள கன்சீலரை (கருமையையும் கறையையும் மறைக்கும் கிரீம்) மோதிர விரலால் மெல்லியதாகத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே, செம்பை விரல் நுனியில் எடுத்து அழுத்தி ஒற்றுங்கள். தூரிகையால் இப்படியும் அப்படியும் இழுத்தால் நிறமி உதிர்ந்து போய் வெறும் தூசிதான் இமையில் தங்கும். கண்ணைத் திறந்து பார்த்தால் இமை மடியும் இடம் தெரியும். நிறம் அதுவரை போதும். அந்த எல்லையில் மட்டும் எதையும் தொடாத சுத்தமான தூரிகையால் சிறு சிறு வட்டமாகத் தேய்த்து ஓரத்தைக் கரைத்துவிடுங்கள். அடர் மேக்கப் நேர்த்தியாக இருப்பதும் அரைகுறையாக இருப்பதும் இந்த ஓரத்தில்தான் தெரியும்.

நீலமோ பச்சையோ இன்னும் தெறிப்பாக வேண்டுமென்றால் கன்சீலருக்குப் பதிலாக வெள்ளை ஐ பென்சிலை இமையில் தடவி, விரலால் பரப்பி, அதன்மேல் ஒற்றுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது நீல ஐ பென்சில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழுப்பு விழிக்குப் பக்கத்தில் நீலம் வந்தால் விழியின் பழுப்பு தேன்நிறத்துக்கு ஏறும். உங்கள் நிறத்தில் அது இன்னும் எடுப்பாக இருக்கும். கறுப்பாக இருப்பவர்கள் போடக்கூடாது என்று சொன்ன தோழியை அன்றைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

மைனஸ் பவர் கண்ணாடி அணிகிறேன். இமை கொஞ்சம் தொங்கியிருக்கும். சரோஜாதேவி காலத்து மாதிரி கண்ணோரத்தில் இழுத்துவிட்ட ஐலைனர் வேண்டும். நான் வரைந்தால் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே போகிறது.
– பி. வி., கோவை

மைனஸ் கண்ணாடி கண்ணைச் சிறியதாகக் காட்டும். ஆகவே உங்களுக்குக் கோடு தடித்தே இருக்கலாம். (பிளஸ் பவர்காரர்களுக்கு நேர்மாறு. கண் பெரிதாகத் தெரியும், ஒவ்வொரு பிசிறும் தெரியும், மெல்லிய கோடே நல்லது.)

பெரும்பாலோர் கண்ணை மூடி, தோலைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து வரைகிறார்கள். கையை எடுத்ததும் தோல் பழைய இடத்துக்குத் திரும்பி கோடு வளைந்துவிடுகிறது. உங்களைப்போல் இமை தொங்கியவர்களுக்கு அது மடிப்புக்குள்ளேயே போய் மறைந்துவிடும். கண்ணாடியை முகத்துக்கு நேராக நிறுத்தி, கண்ணைத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டே வரையுங்கள். கீழ் இமையின் கோட்டை அப்படியே புருவ நுனியை நோக்கி மனதுக்குள் நீட்டி, அந்த வழியில் கோலத்துக்கு வைப்பதுபோல் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்து, மறு கண்ணுக்கும் புள்ளியை வைத்துவிட்டு, இரண்டும் ஒரே உயரமா என்று பாருங்கள். அதன் பிறகே இணைக்கத் தொடங்க வேண்டும். ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டு மறு கண்ணுக்குப் போவதால்தான் ஏற்ற இறக்கம் வருகிறது.

ஆரம்பத்துக்குப் பென்சில் அல்லது ஸ்கெட்ச் பேனா வடிவ லைனர் போதும். பாட்டில் லைனருக்குக் கை பழக வேண்டும். கோணல் ஆனால் முழுதாக அழிக்காதீர்கள். காதுக் குச்சியில் மேக்கப் ரிமூவரைத் தொட்டு, கீழ்ப்பக்கத்தை மட்டும் செதுக்குங்கள்.

பரதநாட்டியக்காரர்களின் கண்ணை அப்படியே பார்த்து வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் சேர்க்காமல் வெளியே நீட்டி, நடுவில் வெள்ளை தீட்டுவது, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் விழியின் அசைவு தெரிய வேண்டும் என்பதற்காக. மேடை விளக்கு பாதி நிறத்தைத் தின்றுவிடும் என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. எதிரில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு மேல் கோடு மட்டும் போதும்.

ஆண்டுவிழா நடனத்துக்கு இமையில் கிளிட்டர் போடச் சொல்கிறார்கள். ஸ்டேஷனரி கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாஸ்லின் தடவி அதை ஒட்டலாமா?
– கே. என்., திண்டுக்கல்

கூடாது. கைவினை கிளிட்டர் வாழ்த்து அட்டைக்கானது. அதன் துணுக்குகள் பெரியவை, ஓரம் கூர்மையானவை. கண்ணுக்குள் விழுந்து தேய்த்துவிட்டால் கருவிழியைக் கீறிவிடும். முகத்துக்கென்று விற்கும், ஜெல்லில் கலந்த கிளிட்டர் வாங்குங்கள். கண்ணைச் சுற்றிப் போடலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இமையின் நடுவில் ஒரு பொட்டு அளவுக்கு மட்டும் ஒற்றினால் போதும், ஆடும்போது விளக்கில் அது மின்னும். கான்டாக்ட் லென்ஸ் போடும் பிள்ளைகளுக்குக் கிளிட்டரே வேண்டாம்.

அக்காவும் நானும் ஒரே மை, ஒரே மஸ்காராவைத்தான் பயன்படுத்துகிறோம். மஸ்காராவின் அடியில் திறந்த டப்பா படமும் 6எம் என்றும் இருக்கிறது. அது என்ன? வாங்கி ஒரு வருடம் ஆகிறது.
– ஆர். டி., கடலூர்

திறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று அர்த்தம். 12எம் என்றால் பன்னிரண்டு மாதம். மஸ்காராவை மூன்று மாதத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. தூரிகை ஒவ்வொரு முறையும் உள்ளே போய் வரும்போது கிருமியையும் சேர்த்தே கொண்டுபோகிறது. உங்களுடையதை இன்றே குப்பையில் போடுங்கள். மை, மஸ்காரா, ஐலைனர் மூன்றும் உடன்பிறந்தாருக்கும் பகிரக்கூடாதவை. யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்திருந்தால் அப்போது பயன்படுத்தியவற்றை மிச்சம் பார்க்காமல் எறிய வேண்டும்.

அட்டையைத் திருப்பிப் பார்க்கும் வழக்கமும் வரட்டும். தயாரித்தவர் முகவரி, உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். தள்ளுவண்டியில் பெரிய பிராண்டின் பெயரில் கிடைப்பவற்றில் இவை இருக்காது, அல்லது எழுத்துப்பிழையோடு இருக்கும். வட இந்தியக் கடைகளில் விற்கும் சுர்மாவையும் தவிர்த்துவிடுங்கள். காரீயக் கல்லை அரைத்துச் செய்ததும் அதில் உண்டு.

சுத்த சைவம் நாங்கள். சிவப்பு லிப்ஸ்டிக்கில் பூச்சி கலக்கிறார்கள் என்பது உண்மையா?
– பெயர் வேண்டாம், மயிலாப்பூர்

சிலவற்றில் உண்மை. கோச்சினீல் என்ற, கள்ளிச்செடியில் வாழும் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் நல்ல சிவப்பைத் தரும். அட்டையில் "கார்மைன்" என்றோ "சிஐ 75470" என்றோ இருந்தால் அது உண்டு. இல்லாமலேயே நல்ல சிவப்புகள் கிடைக்கின்றன. "வீகன்" என்று போட்டவற்றில் தேடுங்கள். தேன்மெழுகும் வேண்டாம் என்பவர்களுக்கும் அதுவே வழி.

அடர் மேக்கப்புக்குப் பெரிய பொட்டு எடுப்பாக இருக்கிறது. ஆனால் ஸ்டிக்கர் வைக்கும் இடத்தில் வெளுத்துத் தெரிகிறது. மேக்கப்பால் மறைக்கலாமா?
– எல். ஜி., நாகர்கோவில்

மறைக்க வேண்டாம், முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். சில ஸ்டிக்கர்களின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் செல்களை அது அழித்துவிடும். ஸ்டிக்கரை உடனே நிறுத்துங்கள். பெரிய பொட்டு வேண்டுமென்றால், மருத்துவர் சரி என்ற பிறகு, குங்குமமோ சாந்தோ தீட்டிக்கொள்ளுங்கள். என் கண்ணுக்கு, ஒரு ரூபாய் அளவுக்குக் கையால் வைத்த குங்குமத்தை மிஞ்சிய துணிச்சலான ஒப்பனை இன்னும் வரவில்லை.

வரவேற்பு போட்டோக்களில் மட்டும் என் முகம் வெள்ளை வெள்ளையாகவும் கழுத்து கறுப்பாகவும் விழுகிறது. நேரில் அப்படி இல்லை.
– எம். எஸ்., சேலம்

பவுடரில் உள்ள சிலிக்காவும், சன்ஸ்கிரீனில் உள்ள ஜிங்க் ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பியடிக்கின்றன. மாலை நிகழ்ச்சிக்கு அவை இல்லாததைப் பயன்படுத்துங்கள். கிளம்பும் முன் விளக்கை அணைத்துவிட்டு செல்போன் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும். ஃபவுண்டேஷனைத் தாடையோரத்தில் தடவி, அரை மணி நேரம் கழித்துப் பார்த்து வாங்குங்கள். காற்றுப் பட்டதும் ஒரு ஷேடு இருண்டுவிடுவது உண்டு. கழுத்துக்கும் காதுக்கும் சேர்த்தே பூசுங்கள்.

பத்தாம் வகுப்பு முடித்த மகள் நீல ஐலைனர் கேட்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா? பழகிவிடுமோ என்று பயம்.
– ஓர் அம்மா, தஞ்சாவூர்

வாங்கிக் கொடுங்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்தால் நல்லதாக இருக்கும். அவளே ஒளித்து வாங்கினால் பேருந்து நிலையத்துத் தள்ளுவண்டியில்தான் வாங்குவாள். முழங்கையின் உள்மடிப்பில் தடவி ஒரு நாள் விட்டு, அரிப்போ தடிப்போ இல்லை என்று பார்த்த பிறகு கண்ணுக்குப் போகட்டும். விடுமுறையில் இரண்டு பேரும் சேர்ந்தே போட்டுப் பாருங்கள்.

வாட்டர்ப்ரூஃப் ஐலைனர் சோப்புப் போட்டாலும் போவதில்லை. தேய்த்துத் தேய்த்து இமை எரிகிறது.
– வி. கே., ஈரோடு

தண்ணீருக்கு அசையாதது எண்ணெய்க்குக் கரையும். லென்ஸ் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். கிளென்சிங் ஆயிலையோ, இரண்டடுக்காகத் தெரியும் ஐ மேக்கப் ரிமூவரைக் குலுக்கியோ பஞ்சில் எடுத்து, மூடிய இமைமேல் வைத்து, முப்பது எண்ணும்வரை அப்படியே பிடித்திருங்கள். பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து வெளிநோக்கி ஒரே இழுப்பு. மிச்சம் இருந்தால் புதுப் பஞ்சை வைத்து மறுபடியும் காத்திருங்கள், தேய்க்காதீர்கள். இமை முடிக்கு அடியில் ஒட்டியிருப்பதை அதே எண்ணெய் தொட்ட காதுக் குச்சியால் எடுத்துவிட்டு, கடைசியில் ஃபேஸ் வாஷ். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெயும் ஆகும். ஆனால் பரு வரும் முகமென்றால் அதை இமையோடு நிறுத்திக்கொண்டு, கன்னத்தில் படிந்ததை நன்றாகக் கழுவிவிடுங்கள்.